மெண்டல்சனின் இன்னொரு பாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் பற்றி வந்த கட்டுரையில் அவர் 17 வயதில் எழுதிய முன்னிசை, வயலின் கான்செர்ட்டோ, நம் ஊர்த் தேவாலயத் திருமணங்களிலும் ஒலிக்கும் அந்த அணிவகுப்பு இசை எல்லாம் இடம்பெற்றிருந்தன. ஆனால் இசைக்குழுவை வழிநடத்தும் கண்டக்டராக அவர் செய்த வேலைக்கு ஒரே ஒரு வரி! அது பெரிய குறை.

அவருக்கு முந்தைய தலைமுறைகளின் பெரும் இசையமைப்பாளர் பாக் 1750இல் இறந்தார். அதன் பிறகு இசை பயில்வோர் அவருடைய விசைப்பலகைப் படைப்புகளை வாசித்துப் பழகினார்களே தவிர, இயேசுவின் பாடுகளை இசையாகச் சொல்லும் ‘மத்தேயு பாடுகள்’ போன்ற பெரும் படைப்பைப் பொதுமக்கள் கேட்க வழியில்லை. அதன் பிரதி ஒன்றை மெண்டல்சனுக்குத் தந்தவர் அவருடைய பாட்டி. அரங்கேற்றலாம் என்றபோது மெண்டல்சனின் இசை ஆசிரியர் செல்ட்டரே முதலில் தயங்கினார். அவரைச் சம்மதிக்க வைத்து, நீளமான பகுதிகளைக் குறைத்து, 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் 20 வயது இளைஞர் அதை நடத்தினார். இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். பத்தே நாளில் மறுபடியும் நிகழ்ச்சி. இன்று உலகமெங்கும் பாக் பாடப்படுவதற்கு அந்த மாலைக்குப் பெரிய பங்குண்டு.

1835இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், கெவாண்ட்ஹவுஸ் என்ற இசையரங்கின் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பொறுப்பேற்ற பிறகும் அவர் பிறருடைய இசைக்காக உழைத்தார். இசையமைப்பாளர் ஷூபர்ட் இறந்து பத்தாண்டுக்கு மேலாகியும் அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனி வியன்னாவில் அண்ணன் வீட்டில் கிடந்தது. இன்னொரு இசையமைப்பாளரான ஷூமன் அதைக் கண்டெடுத்து அனுப்ப, 1839 மார்ச்சில் மெண்டல்சன் அரங்கேற்றினார். பின்னர் லண்டன் ஒத்திகையில் வாசிப்பவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தபோது, நிகழ்ச்சியிலிருந்தே விலக்கிக்கொண்டார். 1843இல் லைப்சிக்கில் இசைக் கல்லூரியையும் தொடங்கினார்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தனை பேருக்கு வழிவிட்டவர், அக்கா ஃபேனி தன் பெயரில் இசையை வெளியிடுவதற்கு ஊக்கம் தரவில்லை. அக்காவின் சில பாடல்கள் தம்பியின் பெயரில் அச்சாயின. அவர் மீதுள்ள மதிப்பு குறையாமலே இதைத் தவறு என்கிறேன்.

‘மெண்டல்சன் வசதியாக வளர்ந்ததால் அவர் இசையில் ஆழமில்லை’ என்ற கருத்தைக் கட்டுரையாளர் போகிற போக்கில் ஏற்றுக்கொண்டது வருத்தம் தந்தது. இந்தப் பேச்சு எங்கிருந்து வலுப்பெற்றது என்று பார்க்க வேண்டாமா? மெண்டல்சன் இறந்த மூன்றாம் ஆண்டில், 1850இல், இசையமைப்பாளர் வாக்னர் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். மெண்டல்சனைப் போல் யூதராகப் பிறந்தவரால் மனத்தின் ஆழத்தைத் தொடும் இசையைத் தர முடியாது என்பதுதான் அதன் சாரம். அந்த நஞ்சு நாஜிகள் காலத்தில் முற்றியது. மெண்டல்சன் இசைக்குத் தடை வந்தது. 1936 நவம்பரில், லைப்சிக் மேயர் கார்ல் கோர்டெலர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, கெவாண்ட்ஹவுஸ் முன்பிருந்த மெண்டல்சன் சிலையை அகற்றினார்கள். அதைக் கண்டித்துக் கோர்டெலர் பதவி விலகினார். ஹிட்லரை எதிர்த்த குற்றத்துக்காக 1945இல் கொல்லப்பட்டார். லைப்சிக்கில் அச்சிலையின் மறுவடிவம் எழுந்தது 2008இல்தான், பாக் பணியாற்றிய புனித தாமஸ் தேவாலயத்துக்கு அருகில்.

38 வயதில் மறைந்தவரின் லைப்சிக் ஆண்டுகளுக்கென்று தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். ஃபேனியைப் பற்றியும் ஒன்று வந்தால் மகிழ்வேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை