பூ எடுக்கப் போன அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

மதுரையில் சின்னதாக ஒரு டி.டி.பி., பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை என்று பத்து வருஷத்துக்கு மேலாக அடித்துக் கொடுக்கிறேன். நன்றி அறிவிப்பும் அதில் சேர்த்திதான். ‘எங்கள் குடும்பத் துயரில் பங்கெடுத்து, நேரிலும் தொலைபேசியிலும் ஆறுதல் கூறிய உற்றார் உறவினர்களுக்கும்’ என்று தொடங்கும் நாலு வரி என் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். ஆள் பேரை மாற்றினால் வேலை முடிந்தது.

என் நண்பனின் கருமாதி முடிந்த மறுநாள் அதைத் திறந்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூடிவிட்டேன். எங்களுக்கு உதவினவர்கள் அந்த நாலு வரிக்குள் அடங்குகிறவர்கள் இல்லை. பாதிப் பேர் உற்றாரும் இல்லை, உறவினரும் இல்லை. பலருடைய பேர்கூட எங்களுக்குத் தெரியாது. வந்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்தார்கள், நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அவன் பேரைப் போட வேண்டாம் என்று அவன் மனைவி கேட்டுக்கொண்டது. எனக்குத் தங்கச்சி முறை; அது சொன்னால் சரிதான்.

அவனுக்கு 31 வயது. செல்லம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடையும் கணக்கும் அவன் பொறுப்பு. ஊரில் 40 சென்ட்டில் மல்லி போட்டிருந்தான். 2025 ஜனவரி, பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. மார்கழிப் பனியில் மொட்டு குறைந்து மல்லி விலை ஆயிரங்களில் நிற்கிற நேரம். மார்க்கெட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று ராத்திரி இரண்டரைக்கே பைக்கை எடுத்திருக்கிறான். செக்கானூரணி தாண்டி நாய் குறுக்கே வந்ததோ என்னவோ, யாரும் பார்க்கவில்லை. ஹெல்மெட் இருந்தது. ஆனால் பட்டையின் கொக்கி உடைந்து ஒரு மாதமாக அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். அதை நானும் பார்த்திருக்கிறேன். என் கடைக்கு எதிரிலேயே ஹெல்மெட் விற்கிறார்கள். ஒன்று வாங்கி அவன் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

முதல் நன்றி அந்த வண்டிக்கு. தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ எதிரே வந்திருக்கிறது. விடிவதற்குள் மொட்டாகவே பறித்தாக வேண்டும் என்பதால் எல்லோரும் நெற்றியில் டார்ச் லைட் கட்டியிருந்தார்களாம். ரோட்டோரம் கிடந்தவனைச் சுற்றி அத்தனை லைட்டும் இறங்கி வந்ததாக 108 வண்டியில் வந்த தம்பி சொன்னார். கிலோக் கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் அன்றைக்கு அடுப்பு எரிகிற காசில் குறையும். பனி நேரத்தில் எடுக்கக் கிடைப்பதே கொஞ்சம் பூ. ஆனாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருத்தரும் நகரவில்லை. கழுத்தை அசைக்காமல் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி 108-இல் போனிலேயே சொன்னதை அப்படியே செய்தார்களாம்.

அதில் ஒரு அக்கா, கூட ஆள் இல்லாமல் எப்படி அனுப்புவது என்று தானும் வண்டியில் ஏறியிருக்கிறார். நாகமலை புதுக்கோட்டை, காளவாசல் என்று பெரியாஸ்பத்திரி வரும்வரை அவன் கையைப் பிடித்தபடி, “எய்யா, இந்தா வந்திருச்சுய்யா” என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அவன் அம்மா சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கும். அவன் போனில் கடைசியாகப் பேசிய நம்பர் என்னுடையது. அதற்குப் போட்டுத் தகவல் சொன்னதும் அவர்தான். நான் போய்ச் சேரும்போது காலை நாலரை. அதற்குள் அவர் போயிருந்தார். அவரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

பெரியாஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்க எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. ரத்தம் வேண்டும் என்றதும் யாரோ சொல்லி ஹாஸ்டல் பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள். கொடுத்துவிட்டு எங்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. தம்பிகளா, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். மூளைச்சாவு என்றால் என்ன, வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குவது ஏன் உயிர் ஆகாது என்று, படிக்காத என் நண்பனின் அப்பாவுக்குப் புரிகிற வரைக்கும் சொன்னார். ஒரு டாக்டர் சொல்லி முடிவாகிற விஷயம் இல்லை இது. 1994-ஆம் வருஷச் சட்டப்படி நாலு டாக்டர்கள் சேர்ந்து, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அதில் ஒரு சோதனையில் மெஷினை எடுத்துவிட்டு, ஆக்ஸிஜனை மட்டும் விட்டு, தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். “நாங்களும் வரணும்னுதாங்க பார்த்துக்கிட்டு இருப்போம்” என்றார். டாக்டர், அந்த ஒரு வார்த்தைக்காக உங்களை நான் மறக்க மாட்டேன். இரண்டு தடவையும் மூச்சு வரவில்லை.

தங்கச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டது. “எடுக்கும்போது அவருக்கு வலிக்குமா?”

எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போனது. 2008 செப்டம்பரில் நாங்கள் பத்தாம் வகுப்பு. திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்து, பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்தார்களே, அந்தச் செய்தியை எங்கள் சார் வகுப்பில் வாசித்துக் காட்டினார். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பதினொரு நிமிஷத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது என்று அவர் சொன்னபோது வகுப்பே வாயைப் பிளந்தது. ஹிதேந்திரனுக்கும் எங்கள் வயசு, 15. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, “சார், அவனுக்கு வலிக்காதா சார்?” என்று கேட்டான். அவனுடைய மனைவி அதே கேள்வியைக் கேட்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருந்தான். டாக்டர் அதனிடம், “வலிக்காதும்மா. வலியை உணர்ற இடமே நின்னுபோச்சு” என்றார்.

கொடுப்பது என்று முடிவெடுத்தது அவன் அம்மா. வெளியூரிலிருந்து வந்திருந்த சொந்தத்தில் சிலர், உடம்பை அறுக்க விடக் கூடாது என்று நின்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாசத்தில் சொன்னதுதான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்கண்ணன் மூணு வருசம் சிறுநீரகத்துக்குக் காத்துக் கெடந்து போனான். வாரத்துக்கு ரெண்டு தடவ இவந்தான் டயாலிசிஸுக்கு வண்டியில வச்சுக் கூட்டிப்போனான். இப்ப இவங்கிட்ட இருக்கதத் தூக்கி நெருப்புல போடுறதா? கேக்குறவுகளுக்குக் குடுக்கச் சொல்லு” என்றது. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது. தங்கச்சி கையெழுத்துப் போட்டது.

அம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? சொன்னால் திட்டும். எழுதி மட்டும் வைக்கிறேன்.

அதற்கப்புறமும் ஒரு ராத்திரி முழுக்க அவனை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். நைட் டியூட்டியில் இருந்த ஒரு நர்ஸ் அக்கா, புரட்டிப் படுக்க வைக்க வரும்போதெல்லாம், “தம்பி, இந்தப் பக்கம் திரும்பிக்கலாமா?” என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் திருப்பினார். அவன் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், சென்னையிலுள்ள ஆணையத்தோடு போனிலேயே இருந்து வரிசைப்படி யார் யாருக்கு என்று பார்த்ததோடு, நடுநடுவே எங்களுக்கு இட்லியும் வாங்கிவந்து வைத்தார். போலீஸ் பேப்பரில் தாமதமாகிவிடக் கூடாது என்று ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்.ஐ. நடுராத்திரி வந்து எழுதி முடித்துக் கொடுத்தார். கல்லீரல், இரண்டு சிறுநீரகம், இரண்டு கருவிழி. யாருக்குப் போனது என்று சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை. காலையில் பெட்டியோடு ஆம்புலன்ஸ் கிளம்பியபோது, அப்போது மேம்பால வேலையால் எந்நேரமும் அடைத்துக் கிடந்த கோரிப்பாளையத்தை டிராஃபிக் போலீஸ்காரர்கள் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். அவனுக்கு அந்த சிக்னலில் நிற்கப் பொறுமையே இருந்ததில்லை.

எல்லாம் முடிந்து, உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வந்தார். வயசானவர், காக்கிச் சட்டை. “கூட்டாளி யாரு?” என்று கேட்டார். நான் போனேன். “வகிடு எந்தப் பக்கம் எடுப்பாரு தம்பி?” என்றார்.

சட்டென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனை வருஷம் பார்த்த தலை! கண்ணை மூடி, கடை வாசலில் பைக் கண்ணாடியைத் திருப்பி அவன் சீவுவதை நினைத்துப் பார்த்தேன். “இடது பக்கம்ணே” என்றேன். கட்டை மறைத்து, சரியாக அதே மாதிரி சீவி அனுப்பியிருந்தார். வீட்டில் முகத்தைத் திறந்ததும் அவன் அம்மா அந்த வகிட்டைத்தான் தடவிப் பார்த்தது. பெரியவரே, அன்றைக்கு உங்கள் கையில் ஏதோ பணம் வைக்கப் பார்த்தேன். நீங்கள் கையை மூடிக்கொண்டீர்கள். தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்புக் கொடை செய்தவர்களுக்கு அரசு மரியாதை உண்டு என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்களே, அதன்படி கோட்டாட்சியர் வந்து மாலை வைத்து வணங்கினார். போலீஸ்காரர்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த பிறகு, ஆஸ்பத்திரியில் கூடாது என்று சொன்ன சொந்தக்காரர்களே மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கமிஷன் கடைக்காரர் அனுப்பிய மாலை முழுக்க மல்லி. பொங்கல் விலையில் அது என்ன காசு என்று அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஆனால் எனக்கு மனசில் நிற்பது, பஸ் ஏறி வந்த பூக் கட்டுகிற பெண்கள்தான். எடை போட்டு முடித்ததும் அவர்கள் பையில் இன்னொரு கை அள்ளிப் போடுவது அவன் வழக்கம். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவான். அவர்கள் ஒவ்வொருவரும் தன் கையால் கட்டிய ஒரு முழம் சரத்தை மடியில் வைத்துக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தார்கள். ஒரே மாதிரி இரண்டு சரம் இல்லை. ஒவ்வொரு கைக்கும் ஒரு கட்டு.

அந்தக் கண்ணீர் அஞ்சலியை அடித்தது நான். படம் தேடினால் நல்லதாக ஒன்றுமில்லை. கடைசியில் அவன் கல்யாணத்துக்கு நான் போட்ட பிளக்ஸ் ஃபைலிலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் தங்கச்சியின் தோள். அதை வெட்டுவதற்கு என் கை போகவில்லை. கடையில் வேலை பார்க்கிற தம்பி வந்து, “அண்ணே, நீங்க எந்திரிங்க” என்று மௌஸை வாங்கிக்கொண்டான். அவனுக்கும் நன்றி. அதற்கு வந்த பிரிண்டிங் செலவை அவனே போட்டிருக்கிறான் என்பது கணக்குப் பார்க்கும்போதுதான் தெரிந்தது.

தோட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த மல்லி நாற்று தங்கச்சிமடத்திலிருந்து வந்தது. 2019-இல் நானும் அவனும் போய் வாங்கிவந்தோம். ஈரச் சாக்கில் சுற்றிய கட்டை அத்தனை தூரமும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். நான் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அவன் போன பிறகு பதினாறு நாள் எங்களில் ஒருவரும் தோட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை. காரியம் முடிந்து போனால் பாத்தி ஈரமாக இருக்கிறது, களை எடுத்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து மாமாவும் அவர் மகனும் அவர்கள் முறைத் தண்ணீரை இங்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு, “செடி என்ன பண்ணுச்சு, பாவம்” என்றார் மாமா. மாசியில் மொட்டு விட ஆரம்பித்தது. முதல் பறிப்பைத் தங்கச்சியே எடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பியது.

அக்கா, கடைசியாக உங்களுக்கு. செல்லம்பட்டி, செக்கானூரணி, விக்கிரமங்கலம் என்று பூ எடுக்க ஆள் போகிற ஊரெல்லாம் விசாரித்தோம். அந்தப் பக்கம் ராத்திரியில் எத்தனையோ வண்டி ஓடுகிறது. உங்களை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் அம்மா உங்களை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறது. வழியில் அவன் கண்ணைத் திறந்தானா, ஏதாவது சொன்னானா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை, வாருங்கள்.

உங்கள் டார்ச் லைட்டை ஆம்புலன்ஸிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். பச்சை நாடா, ஒரு பக்கம் ஊக்கு குத்தியிருக்கிறது. 108 தம்பி அதை என்னிடம் கொடுத்தார். என் கடையில்தான் இருக்கிறது. வாரம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வைக்கிறேன்.