ஆண்கள் ஐக்கிய சங்கம்: 2024–2025 ஆண்டறிக்கை

சங்கத் தலைவராகிய சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், கூடியிருக்கும் சகோதரர்கள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரங்கள். ஆண்டு முழுவதும் நம்மை நடத்திவந்த தேவனுக்கே மகிமை உண்டாவதாக.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஆண்கள் ஞாயிறு ஆராதனையை நம் சங்கம் நடத்தியது. உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன் கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்யப்பட்டது. சபையின் பொது விருந்தான அசனத்தில் பந்தி பரிமாறும் பொறுப்பை வழக்கம்போல் ஏற்றோம்.

விரிவாகச் சொல்ல வேண்டியது, வஞ்சகங்களை வேதத்தின்படி சோதித்தறிவதற்கான சனிக்கிழமை மாலை வேத ஆராய்ச்சி வகுப்பைப் பற்றி. "எல்லா ஆவிகளையும் நம்பாமல்" சோதித்தறியச் சொல்லும் 1 யோவான் 4:1-ஐ ஆதாரமாக வைத்து இதைத் தொடங்கலாம் என்று நான் கமிட்டியில் சொன்னபோது, பிற ஊழியங்களைக் குறைகூறுவதாக ஆகிவிடுமே என்று சிலர் தயங்கினார்கள். அவர்களுக்கு நான் சொன்னது இதுதான்: பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களை மெச்சுகிறது. அப்போஸ்தலனுக்கே அந்தச் சோதனை உண்டென்றால், கைப்பேசியில் பேர் சொல்லி அழைக்கும் தீர்க்கதரிசிக்கு மட்டும் ஏன் விலக்கு?

வகுப்புக்குத் தாய்மாரும் வரலாம் என்று அறிவித்திருந்தோம். வயதான ஓர் அம்மா தபாலில் வந்த எண்ணெய்ச் சீசாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். சுற்றியிருந்த தாளில் 'விசுவாச விதை' என்று ஒரு தொகை, அதன் கீழே பணம் அனுப்புவதற்கான கியூஆர் கட்டம். மூட்டுவலி தீரும் என்று முதியோர் உதவித்தொகையிலிருந்து அனுப்பியிருக்கிறார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. யாக்கோபு 5:14-ஐ அவரையே வாசிக்கச் சொன்னோம். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்றிருக்கிறது. விலை எதுவும் எழுதப்படவில்லை. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிய அந்த அம்மா, "நம்ம சபையிலிருந்து யாரும் வரவில்லையே ஐயா" என்றார்.

சகோதரரே, வஞ்சகம் எந்த வழியாக வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. நாம் மிதிக்காத வாசலைத்தான் அது மிதிக்கிறது. அந்த வாரமே, தனித்திருப்போர், நோயாளிகள் வீடுகளின் பட்டியலைத் தெருவாரியாக எழுதிச் சந்திப்பைத் தொடங்கினோம்.

கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு நாள் குறித்துச் சொல்வோரைப் பற்றியும் ஒரு வகுப்பு எடுத்தோம். தானியேல் 8:14-இன் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்ட அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22-இல் காத்திருந்து ஏமாந்தார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்று மாற்றினார். சேமிப்பைச் செலவழித்து அதை விளம்பரம் செய்தவர்களும் உண்டு. அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32 சொல்லும்போது, அதை அறிந்தவர் போலப் பேசுகிறவரிடம் மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லை.

பண வஞ்சனைக்கு யோசுவா 9-ஐ எடுத்துக்கொண்டோம். அருகிலேயே குடியிருந்த கிபியோனியர், தூரதேசத்திலிருந்து வந்தவர்கள்போல நடித்து, பூசணம் பூத்த அப்பத்தையும் பீறல் துருத்திகளையும் காட்டினார்கள். இஸ்ரவேலர் கர்த்தரிடம் கேளாமல் உடன்படிக்கை செய்தார்கள். இன்று ஜெபக்குழுவின் பெயரால் அதிக வட்டி ஆசை காட்டி வருகிறவர்களிடமும் அதே அவசரத்தோடு கையெழுத்திடுகிறோம். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் சொல்லும் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இணையவழி மோசடியில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். இதை ஆலய அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம்.

இனி, மனவருத்தத்தோடு ஒன்று. பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் பாதிப்பேருக்குமேல் இந்த வகுப்புக்கு ஒருமுறைகூட வரவில்லை. வேலை, பிரயாணம் என்பதை அறிவேன். ஆனால் மட்டைப்பந்துப் போட்டிக்கு அணி திரட்டியபோது ஆள் குறையவில்லை. நெகேமியா 4:9-இல் எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், ஜாமக்காரரையும் நிறுத்தினார்கள். நாம் ஜெபத்தைக் குருவானவரிடமும் ஜாமத்தை நாலைந்து முதியவர்களிடமும் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறோம். மாதச் சந்தா 50 ரூபாயும் பலரிடம் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நிற்கிறது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் ஐயா சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தாவும் நன்கொடையுமாக வந்தது செலவுக்கு ஏறக்குறைய சரியாக இருந்தது. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. குருவானவர் ஐயா, சபை ஊழியர், ஆலயப் பணிவிடை செய்யும் கோயில்குட்டியார், பெண்கள் ஐக்கிய சங்கத்தார், ஒலிபெருக்கி தந்து உதவியவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வகுப்பு தொடர வேண்டும் என்பது என் விண்ணப்பம். யார் செயலராக வந்தாலும் அதை நிறுத்திவிட வேண்டாம். சந்திப்புப் பட்டியலில் கீழத்தெருவுக்கும் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளுக்கும் இன்னும் ஆள் இல்லை. கூட்டம் முடிந்ததும் பதிவேட்டோடு வாசலருகே இருப்பேன். பெயர் கொடுக்க மனமுள்ளவர்கள் கொடுக்கலாம். நிலுவைச் சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம், ரசீது உடனே தரப்படும்.

கர்த்தருடைய பணியில்,
செயலர்