எட்டு மணி நேர வேலையும் மெல்பர்ன் தொழிற்சங்க மாளிகையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மே தினக் கட்டுரைகளில் எட்டு மணி நேர வேலை என்றாலே 1886, சிகாகோ என்றுதான் தொடங்குகிறார்கள். சிகாகோவில் உயிர்விட்டவர்களின் பெருமை குறையப்போவதில்லை. ஆனால் அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே மெல்பர்ன் கல்தச்சர்கள் அந்த உரிமையை வென்றிருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். 1856 ஏப்ரல் 21 அன்று, பல்கலைக்கழகக் கட்டுமானத்தில் இருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடம் வரை ஊர்வலம் போனார்கள். வாரம் 58 மணி நேரமாக இருந்த வேலை 48 ஆனது. கூலியில் பிடித்தம் இல்லை.

மூன்றே ஆண்டுகளில், அரசு கொடுத்த நிலத்தில், தொழிலாளர்கள் சொந்தக் கூடம் எழுப்பினார்கள். கூட்டம் போட மட்டுமல்ல, படிக்கவும் அது இடம் கொடுத்தது. லைகன் தெருவும் விக்டோரியா தெருவும் சந்திக்கும் முனையில் இன்று நிற்கும் மாளிகை 1874 முதல் பகுதி பகுதியாக, 1920கள் வரை கட்டப்பட்டது. வடிவமைத்தது ஜோசப் ரீடின் நிறுவனம். நகரின் புகழ்பெற்ற கண்காட்சி மாளிகையும் அவர்கள் கைவண்ணம்தான். உள்ளே போனால் கற்படிகள் கால்பட்டுத் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும். 1915இல் பணப்பெட்டியை உடைக்க வந்தவர்களுக்கும் காவலர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் காவலர் ஒருவர் இறந்தார். அந்தக் குண்டுத் தடங்களையும் சுவரில் காணலாம்.

கல்தச்சர் வென்றது மற்றவர்களுக்குத் தானாக வந்து சேரவில்லை. தொழிற்கூடங்களில் பெண்களுக்கு எட்டு மணி நேரம் என்று 1873இல் சட்டம் வந்தது. அது பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தும். சிறு பட்டறைகள் தப்பின. மிச்சத் துணியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பித் தைக்கச் சொன்னால் நேரத்தை யார் கணக்கிடுவது? அதன் மேல் உருப்படிக் கூலியையும் குறைத்தபோது, 1882 டிசம்பரில் தையல் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய சங்கம் உருவானது இந்த மாளிகையில்தான். பின்னாளில் பெண் தொழிலாளருக்கென்றே பக்கத்தில் ஒரு கூடம் கட்டினார்கள். அதை இடித்துவிட்டது பெரிய இழப்பு.

மாளிகையில் இன்றும் சங்க அலுவலகங்கள் இயங்குகின்றன. நகைச்சுவை விழாக் காலத்தில் அரங்குகளில் நிகழ்ச்சிகள் நடக்கும். புத்தகக் கடையும் உண்டு. சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதவர்களும் படியேறி வருவதால்தான் நகரம் இதை விட்டுக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த ஊர், 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய ஊர் சென்னை. சென்னையிலுள்ள பழைய சங்கக் கட்டடங்களைப் படமெடுத்து, அவற்றில் இருக்கும் கூட்டக் குறிப்பேடுகளையும் பார்த்து, தங்கள் நாளிதழ் ஒரு தொடர் வெளியிட வேண்டுகிறேன். குறிப்பேடுகள் செல்லரிப்பதற்குள் அதைத் தொடங்குவது நல்லது.

— ஒரு வாசகர், மெல்பர்ன்