நாடகத்துக்கு மதிப்பெண் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவில் நாடகத்துக்கும் இடம் இருப்பது நல்ல விஷயம்தான். மதிப்பெண் போடும் விதம்தான் உறுத்துகிறது. எங்கள் வட்டார அளவிலான போட்டியில், வாடகை உடையும் தெர்மாகோல் அரண்மனையுமாக வந்த குழு, யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பித்துவிட்டு முதல் பரிசு வாங்கியது. இரண்டு பெஞ்சுகளை டவுன் பஸ்ஸாக்கி, படியில் தொங்கும் பையன்களையும் சில்லறைக்குச் சண்டை போடும் கண்டக்டரையும் தாங்களே உருவாக்கிய பிள்ளைகளுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. (பஸ் திரும்பும்போது அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் பாருங்கள், அது ஒத்திகை!)

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பன்னிரண்டாம் வகுப்பு நாடகப் பாடத் தேர்வுக்கு 3 முதல் 6 மாணவர்கள் சேர்ந்து, சொந்தமாக உருவாக்கிய நாடகத்தை 8 முதல் 12 நிமிடத்துக்குள் நடித்துக் காட்ட வேண்டும். நாடகம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மதிப்பெண். யாரையும் சும்மா மரமாக நிறுத்தி வைக்க முடியாது.

நம் நடுவர்கள் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் சரி, நாடகம் முடிந்ததும் கதை எப்படிப் பிறந்தது என்று பிள்ளைகளிடம் இரண்டு கேள்வியாவது கேட்கட்டும். அலங்காரத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்