பள்ளிக்கூட மதிலுக்கு உதவுங்கள்: ஊராருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் பள்ளிக்கூடத்தின் வடக்கு மதில் இடிந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் ஆயாம்மா வந்ததும் செய்கிற முதல் வேலை, ஒன்றாம் வகுப்புத் திண்ணையில் கிடக்கும் பாட்டில் சில்லுகளைப் பொறுக்குவதுதான். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வரும் டிப்பர் லாரிகள் ஓடுகிற ரோடு அந்த இடைவெளிக்குச் சில அடி தள்ளித்தான். பந்து வெளியே உருண்டால் பிள்ளையும் பின்னாலேயே ஓடும்.

கேமரா வைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் ராத்திரி அதை யார் உட்கார்ந்து பார்ப்பது? மழையில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. முதலில் மதில், கேட், வாட்ச்மேன்; அப்புறம் கேமரா.

மதில் உடைந்த காரணத்தையும் பேசியாக வேண்டும். பால் சொசைட்டிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் மைதானம்தான் குறுக்கு வழி. தூக்குப்போசியோடு சுற்றிப் போக முடியாத வயசானவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் புது மதிலை நாலடி உள்ளே தள்ளிக் கட்டி, வெளியே நடைவழி விடுவதாகப் பெற்றோர் ஆசிரியர் கழக (பி.டி.ஏ.) கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. மைதானம் கொஞ்சம் குறையும், சரி. வழியை அடைத்தால் மதில் மறுபடியும் உடையும்.

செலவைக் குறைக்க, அஸ்திவாரம் தோண்டாமல் வெறும் ஹாலோ பிளாக்கை அடுக்கிவிடலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்களே! பில்லர், பெல்ட் போட்டு, மழைத்தண்ணீர் வடிய ஓட்டை விட்டுத்தான் கட்டுவோம்.

கேட்டும் இரண்டு வேண்டும். 2004-இல் கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு, ஒரே வாசலை வைத்துப் பூட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்ல மனசு வரவில்லை. பள்ளி நேரத்தில் பின் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும், டீச்சர் யாரும் சட்டென்று திறக்கிற மாதிரி.

ஜூனில் பள்ளி திறக்கும்போதே மழையும் வந்துவிடும். அதற்குள் அஸ்திவாரம் முடிய வேண்டும். காசாகத்தான் தர வேண்டும் என்றில்லை. சிமெண்ட் மூட்டை, எம்சாண்ட் லோடு, கம்பி, கொத்தனார்களின் ஒரு நாள் வேலை, எதுவானாலும் சரி.

எங்களுக்குப் பெரிய கவலை வாட்ச்மேன் சம்பளம். மதில் ஒரு தடவைச் செலவு, சம்பளம் மாசாமாசம் வேண்டும். கோவை, திருப்பூரில் வேலையில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் முடிந்த தொகையை மாதந்தோறும் தர முன்வாருங்கள். சின்னத் தொகையானாலும் நின்றுபோகாமல் வந்தால்தான் ஓர் ஆளை நம்பி வேலைக்கு வைக்க முடியும்.

பணத்தைப் பி.டி.ஏ. வங்கிக் கணக்கில் செலுத்தலாம், அல்லது பள்ளி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
பள்ளி மதில் கட்டுமானக் குழு