வராதது நாங்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்கேன் படங்களைப் பார்த்து அவரவர் உடம்புக்கு ஏற்ற சிகிச்சை தருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் "விழிப்புணர்வு இல்லாததால் மலைவாழ் மக்கள் பரிசோதனைக்கு முன்வருவதில்லை" என்ற ஒரு வரி மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

பந்தலூர் பக்கம் 31 வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த, பணியர் பழங்குடி வீட்டுப் பையனுக்கு சிக்கிள் செல் நோய்; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும் பரம்பரை நோய் அது. தலைக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி முகாமுக்கு வந்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நாலாக மடித்து, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார் அவன் அப்பா. தோட்டக் கூலியை விட்டுவிட்டு மகனோடு மூன்று முறை மருத்துவமனைக்குப் போனார். இரண்டு முறை நானும் கூடப் போனேன். ஊட்டி போகும் வழியில் நடுவட்டம் வளைவுகளில் பையன் வாந்தி எடுத்தபடியே வந்தான். முதல் தடவை ஸ்கேன் டாக்டர் லீவு. அடுத்த தடவை, "இது இங்கே இல்லை, கீழே கோவைக்குப் போங்க" என்றார்கள். கீழே போனால், வேறொரு நாள் வரச் சொன்னார்கள். அப்புறம் ஒருநாள் சத்துணவுத் தட்டு அவன் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன், வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எட்டு வயதில் பக்கவாதம்.

முன்வராதது யார், ஐயா?

அந்த ஸ்கேனுக்கு ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, கருவியை வைத்து, மூளைக்குப் போகும் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று ஒலி அலையால் அளப்பார்கள். விநாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் அந்தக் குழந்தைக்குப் பக்கவாத ஆபத்து அதிகம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முறையாக ரத்தம் ஏற்றி வந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று அமெரிக்காவில் 1998-லேயே ஆய்வு செய்து காட்டிவிட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்று பார்த்து, அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் செய்வது. உங்கள் கட்டுரை 'நாளைய மருத்துவம்' என்பது இதைத்தானே? நீலகிரி ஆதிவாசிகளிடம் சிக்கிள் செல் இருப்பது 1952-லேயே பதிவானது தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் மாவட்டம் என்றால் உங்களுக்கு மே மாத மலர்க் கண்காட்சி அட்டைப்படம்தான். கூடலூர் நிலச்சரிவுச் செய்திக்குத் தேனி மாவட்டக் கூடலூர் படத்தைப் போட்டீர்கள். அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதம் வெளிவரவே இல்லை. சரி, அது பழைய கதை.

இப்போது கேட்பது ஒன்றுதான். நீலகிரியிலும் கோவையிலும் எந்த அரசு மருத்துவமனையில், எந்தக் கிழமையில் இந்த டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று விசாரித்து, அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். அதை வெட்டி எங்கள் ஊர் ரேஷன் கடைச் சுவரில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.