பாலக்கோட்டு நண்பனுக்கு: 06 வேறு, 6 வேறு

காவேரிப்பட்டணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் டைல்ஸ் மாதிரிப் படங்களும் கிடைத்தன. வரைந்தது தங்கச்சி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த மயில்கழுத்து நீலமெல்லாம் உனக்குத் தோன்றுகிற விஷயமா? அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே மாங்காய் இந்த வருஷம் சுமார்தான். பூ நன்றாகப் பிடித்தது, பிஞ்சில் கொட்டிவிட்டது. பெரியவன் ஓசூரில் அதே வேலையில்தான் இருக்கிறான், ஷிப்ட் மட்டும் மாறியிருக்கிறது.

சரி, சூளைக்கு வருகிறேன். "கோன் 6க்குச் சுடப்போகிறேன், அண்டர்கிளேஸ் டப்பாவிலும் அதுதான் போட்டிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். கோன் என்பது சூளைக்குள் வைக்கிற, சூட்டில் சாயும் சின்னக் கூம்பு; அதன் எண்தான் சூட்டின் அளவு. அண்டர்கிளேஸ் என்பது கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் வரையும் நிறம். நீ அனுப்பிய டப்பா போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அதில் 6க்கு முன்னால் ஒரு சைபர் இருக்கிறது. கோன் 06 என்றால் சுமார் 1000 டிகிரி செல்சியஸ், கோன் 6 என்றால் சுமார் 1220. சைபர் போட்ட கோன்களில் எண் ஏற ஏறச் சூடு குறையும். அதனால் 04 (சுமார் 1060) 06ஐவிடச் சூடானது. சைபர் இல்லாதவற்றில் எண்ணோடு சூடும் ஏறும். இப்படியொரு குழப்படி ஏற்பாட்டை யார் செய்தார்களோ, சுடுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

நிறம் தாங்கினாலும் உன் மண் தாங்காது. நீ எடுப்பது ஏரிக் களிமண். இரும்புச் சத்து அதிகம். 1100ஐத் தாண்டினாலே அந்த மாதிரி மண் இளகி, தட்டில் வளையும், உள்ளே கொப்புளம் போட்டு ஊதும். கிண்ணம் கொஞ்சம் கோணினால் யாருக்கும் தெரியாது. டைல்ஸ் கோணினால் கொத்தனார் உன்னைத் திட்டுவார். இன்னொன்று, நம் பக்கத்து மண்ணில் சுக்கான்கல் கலந்திருக்கும். அது சூளையில் சுண்ணாம்பாகி, வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, மேல்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கவைக்கும். சூளை பிரித்த அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துதான் காட்டும். மண்ணைக் கரைத்து நைஸ் சல்லடையில் வடிகட்டாமல் ஒரு டைல்ஸ் கூட வெட்டாதே.

அகழாய்வு நடந்த நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து மயிலாடும்பாறையில் கி.மு. 2172லேயே இரும்பு இருந்திருக்கிறது, நமக்கு 1220 எல்லாம் ஒரு சூடா என்று கேட்டிருக்கிறாய். 2022இல் அந்தச் செய்தி வந்தபோது நானும் பெருமைப்பட்டவன்தான். ஆனால் அதே இடத்தில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளை இரும்புக்கான சூட்டிலா சுட்டார்கள்? அதைவிட எவ்வளவோ குறைவு. உன் டைல்ஸ் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டப்போகிறது, அதன்மேல் லாரி ஏறப்போவதில்லை. ஐஎஸ்ஓ 13006 தரப் பட்டியலிலேயே 10 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சும் ஓடுகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, அது பெரும்பாலும் சுவருக்கானது. வெளிநாட்டுக்காரர்கள் வெளிச்சுவருக்கு அதிகச் சூட்டில் இறுகச் சுட்ட ஸ்டோன்வேர்தான் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு ஓட்டுக்குள் போன நீர் உறைந்து வெடிக்கும் பயம். பாலக்கோட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை. தரைக்கு என்றால் மட்டும் பேச்சு வேறு. அதற்கு வேறு மண் வாங்கியே ஆக வேண்டும்.

ஆகவே நான் சொல்வது இது. முதல் வேக்காடு 04க்கு, கிளேஸ் வேக்காடு 06க்கு. முதலில்தான் அதிகச் சூடு. மண்ணுக்குள் இருக்கும் கரி, வாயு எல்லாம் அப்போதே வெளியேறிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிளேஸ் உருகும்போது அடியிலிருந்து கிளம்பி ஊசித்துளை போடும். இன்னும் சுடாத பச்சை டைல்ஸில் வெள்ளைக் களிமண் குழம்பு பூசி, அதன்மேல் தங்கச்சி வரையட்டும். சிவப்பு மண்ணில் நேராக வரைந்தால் நிறம் மங்கிவிடும். முதல் வேக்காட்டிலேயே வரைந்தது பிடித்துக்கொள்ளும், கிளேஸ் பூசும்போது இழுபடாது.

கோபால்ட் நீலம் எவ்வளவு சூட்டையும் தாங்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இளஞ்சிவப்புதான் சண்டைக்காரி. குரோம்-வெள்ளீயத்தில் செய்த ரோஸ் என்றால், மேலே பூசும் கிளேஸில் துத்தநாகம் இருக்கக்கூடாது, இருந்தால் சாம்பல் தட்டும். பச்சை நிறத்தில் குரோம் இருந்தால் அதே துத்தநாகம் அதைப் பழுப்பாக்கும். கிளேஸ் வாங்கும் கடையில் இதை முதலில் கேள்.

மீட்டரை மட்டும் நம்பாதே. கோன் பார்ப்பது எத்தனை டிகிரி என்பதை அல்ல, எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு உள்ளே போனது என்பதை. உங்கள் தெருவில் சாயங்காலம் மோட்டார்கள் ஓடி வோல்டேஜ் இறங்கினால் சூளை மெதுவாக ஏறும். மீட்டரில் அதே 1000 காட்டும், கோன் மட்டும் கூடுதலாகச் சாய்ந்து கிடக்கும். மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று வைத்துவிடு.

573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று பருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்க விடு. டைல்ஸின் அடியில் தட்டு கனமாக இருப்பதால் ஓரம் முதலில் ஆறி, நடு பிந்தும். விரிசல் அங்கேதான் விழும். தட்டில் கொஞ்சம் பொடிமணல் தூவி வை, சுருங்கும்போது நகர இடம் கிடைக்கும். 100க்குக் கீழே வருவதற்குள் கதவைத் திறந்து பார்க்கிற உன் பழைய அவசரம் இதில் வேண்டாம்.

முழுச் சூளை போடுவதற்கு முன் சுடாத பச்சைத் துண்டு ஒன்றில் 10 செ.மீ. கோடு கிழித்துச் சுட்டு, எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுது. அப்புறம் அதே துண்டை எடை போட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்து, அதிலேயே ஆறவிட்டு, துடைத்து மறுபடி எடை போடு. 500 கிராம் 560 ஆனால் 12 சதவீதம், சுவருக்குப் போதும். அந்த இரண்டு எண்ணும் வந்தால் வெட்டும் அளவை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். 04, 06 கோன்கள் என்னிடம் மிச்சம் இருக்கின்றன. அடுத்த வாரம் தர்மபுரிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்